பாய்மரத் தூண்களும் அயர்லாந்துப் பெண்களும்

நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவு கடலைத் தொடும் தென்முனையில், ஸ்டேட் தெரு 7ஆம் எண்ணில் ஒரு பழைய செங்கல் வீடு இருக்கிறது. அருகிலேயே 42 மாடிக் கண்ணாடிக் கட்டடம். இந்த வீடுதான் புனித எலிசபெத் ஆன் சீட்டன் திருத்தலத்தின் குருமனை.

சாமியார்களுக்காகக் கட்டிய வீடல்ல இது. ஜேம்ஸ் வாட்சன் என்ற வணிகர் 1793இல் தமக்காகக் கட்டிக்கொண்டது. பின்னாளில் அவர் அமெரிக்க செனட் உறுப்பினராகவும் ஆனார். அன்று இந்தத் தெரு முழுக்கச் செல்வந்தர்களின் மாளிகைகள். வாசலில் நின்றாலே துறைமுகத்துக்குள் வரும் கப்பல்கள் தெரியும். அந்த வரிசையில் இன்று மிஞ்சியிருப்பது இது ஒன்றே.

1806இல் வீட்டைப் பக்கவாட்டில் நீட்டினார்கள். அப்போது எழுந்த முகமண்டபத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தெரு வளையும் இடத்தில் முகப்பும் கூடவே வளைகிறது. மேல்தளங்களின் உயரத்துக்கு ஒல்லியான தூண்கள், தலைப்பில் அயோனிய பாணிச் சுருள்கள். அத்தனையும் மரம். பழைய கப்பல்களின் பாய்மரங்களைக் கொண்டு செய்தவை என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். வடிவமைத்தவர், நியூயார்க் நகர மண்டபத்தை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜான் மெக்கோம்ப் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

கட்டடக்கலை நூல்கள் இந்தத் தூண்களோடு நின்றுவிடுகின்றன. எனக்கு அது போதவில்லை. இந்த வீட்டின் பெரும்பேறு 1880களில்தான் தொடங்குகிறது.

அயர்லாந்தின் வறுமையிலிருந்து தப்பி, துணைக்கு ஆளில்லாமல் கப்பலேறி வந்த இளம்பெண்கள் ஏராளம். கரையில் கால் வைத்ததும் ஏமாற்றுத் தரகர்கள் சூழ்ந்துகொள்வார்கள். இந்த அவலத்தைப் பொதுவெளியில் எடுத்துச் சொன்னவர் சார்லட் கிரேஸ் ஓ'பிரையன் என்ற ஐரிஷ் பெண்மணி. அதன் பயனாக, ஜான் ரியோர்டன் என்ற குருவின் பொறுப்பில் செபமாலை மாதா பெயரில் ஓர் இல்லம் உருவானது. 1885இல் வாட்சனின் வீடு அதற்காக வாங்கப்பட்டது.

இல்லத்தின் ஆள் துறைமுகத்துக்கே போய்ப் பெண்களை அழைத்து வருவார். தங்க இடமும் சாப்பாடும் இலவசம். உறவினர் வந்தால் விசாரித்து ஒப்படைப்பார்கள்; யாரும் இல்லாதவளுக்கு வீட்டு வேலை தேடித் தருவார்கள். பெயர், வயது, வந்த கப்பல், யாரிடம் போகிறாள் என்று ஒவ்வொருத்திக்கும் பதிவேட்டில் ஒரு வரி. இந்த வாசலைக் கடந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அந்தப் பதிவேடுகள் இன்றும் இருக்கின்றன. என்னைக் கேட்டால், மரத்தூண்களை விட அவைதான் இந்த வீட்டின் சொத்து.

1960களில் பக்கத்து மனையில் இப்போதைய கோயில் எழுந்தது. வாட்சனின் வீடு அதற்குக் குருமனை ஆனது. 1965இல் நகரம் அந்த வீட்டைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. கோயில் நிற்கும் அந்த மனையில்தான் ஒரு காலத்தில் எலிசபெத் சீட்டன் குடியிருந்தார். கணவரின் வணிகம் நொடித்துப்போனபின், 1801இல் குழந்தைகளோடு அங்கே குடிவந்தவர். 1805இல் கத்தோலிக்கம் தழுவினார். 1975இல் புனிதராக அறிவிக்கப்பட்டார், அமெரிக்க மண்ணில் பிறந்தவர்களில் முதலாமவராக. அவருடைய தந்தை ரிச்சர்ட் பெய்லி துறைமுகத்தின் சுகாதார அதிகாரி. எலிசபெத் அங்கே குடிவந்த அதே 1801இல், கப்பலில் நோயோடு வந்திறங்கிய அயர்லாந்து மக்களைக் கவனிக்கப் போய், அவர்களிடமிருந்து தொற்றிய காய்ச்சலில் பெய்லி இறந்தார்.