'முடியாது' என்றால் வற்புறுத்தாதீர்!

எங்கள் கொல்லையில் உள்ள தென்னையில், காய்ந்த மட்டைகளை கழிக்க, மரம் ஏறுபவரை வரச் சொல்லியிருந்தேன். முதல் நாள் இரவு நல்ல மழை. மரத்தை அண்ணாந்து பார்த்தவர், 'இன்னைக்கு ஏற மாட்டேன்மா...' என்றார். கூடுதலாக, 100 ரூபாய் தருவதாகச் சொல்லியும் மசியவில்லை. 'சோம்பேறித்தனம்' என முணுமுணுத்தேன்.

அது காதில் விழுந்தும் கோபப்படாமல், 'மரம் வழுக்கும்மா. மட்டை வேற கரன்ட் கம்பியில உரசுது. ஈர மட்டையில ஷாக் அடிக்கும். என் மச்சான், கூலிக்கு ஆசைப்பட்டு மழையில ஏறி, இடுப்பு ஒடிஞ்சு கிடக்கிறான்...' என்றார். வெட்கிப் போனேன்.

மின் வாரியத்தில் சொல்லி, லைனை நிறுத்திய பின், நன்றாக வெயில் அடித்த நாளில் ஏறி, மட்டைகளை கழித்துக் கொடுத்தார்.

தோழியரே... மட்டை கம்பியில் உரசினால், முதலில் மின் வாரியத்துக்கு தெரிவியுங்கள். மரம் ஏறுபவர் மறுத்தால், காசைக் காட்டி ஏற்றாதீர்கள். தேங்காயை நாளைக்கும் பறிக்கலாம். போன உயிர் வருமா?

— ஒரு வாசகி, பொள்ளாச்சி.