காசு போடாத வங்கி

டோபி காட் என்று சொன்னால் நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. டோபி துணி வெளுக்கும் துறை. சிங்கப்பூரில் ஆர்ச்சர்ட் சாலை ஓரமாக ஒரு காலத்தில் ஓடை ஒன்று ஓடியது. இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அந்தத் தண்ணீரில் துணி வெளுத்து, இன்று ஒய்எம்சிஏ கட்டடம் இருக்கும் பக்கத்தில் காயப்போட்டார்கள். ஓடை பிற்பாடு ஸ்டாம்போர்டு கால்வாய் ஆகிவிட்டது. வெளுத்தவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். பெயர் மட்டும் நிலைத்து நின்றது. 1987ல் பாதாள ரயில் நிலையம் திறந்தபோது அதற்கும் டோபி காட் என்றே பெயர் வைத்தார்கள். இன்று மூன்று தடங்கள் அங்கே வந்து கூடுகின்றன. கோட்டும் சூட்டும் போட்ட பெரிய மனிதர்கள்கூட "டோபி காட்" என்று வாயாரச் சொல்லித்தான் ரயில் மாற வேண்டியிருக்கிறது. அதில் நமக்கு ஒரு சின்ன சந்தோஷம்!

அந்த நிலையத்தை ஒட்டிய நிலத்தடிக் கடைவரிசையில் ஒரு வங்கி இருக்கிறது. அங்கே பணம் போட முடியாது, கடனும் கேட்க முடியாது. அது இரத்த வங்கி. அவுட்ரம் சாலையில் இருக்கும் தலைமை வங்கிக்கு ஊருக்குள் சில கிளைகள் உண்டு. ஜொகூர் பாலத்தைத் தாண்டியதும் வரும் உட்லண்ட்ஸில் ஒன்று, ஜூரோங்கில் ஒன்று, டோபி காட்டில் ஒன்று.

நம் தங்கை மகன் ஜொகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை. ஒரு சனிக்கிழமை அவனோடு நாமும் கிளம்பினோம். தேக்காவில் காய்கறி வாங்கலாம் என்றுதான் போனோம். வழியில் டோபி காட்டில் இறங்கி, "மாமா, அரை மணி நேரம் உட்காருங்க, கொடுத்துட்டு வந்துடுறேன்" என்றான். எதைக் கொடுக்கப் போகிறான் என்பது உள்ளே நுழைந்த பிறகுதான் நமக்குப் புரிந்தது.

வரவேற்பில் இருந்த தாதி நம் தமிழ்ப் பெண். "தம்பி, காலையில பசியாறிட்டீங்களா? ராத்திரி நல்லாத் தூங்குனீங்களா?" என்று தாய் பிள்ளையை விசாரிப்பது போலக் கேட்டார். பிறகு ஒரு படிவம். காய்ச்சல் வந்ததா, மருந்து சாப்பிடுகிறாயா, வெளியூர் போனாயா என்று வரிசையாகக் கேள்விகள். இந்தியாவுக்குப் போய் வந்தவர்களைச் சில மாதம் பொறுத்து வரச் சொல்வதுண்டாம், மலேரியா பயம்தான். அதைக் கேட்டதும் நமக்குத் தோட்டத்துப் பழைய கதைகள் ஞாபகத்துக்கு வந்தன. காட்டை அழித்து ரப்பர் நட்ட காலத்தில் நம் பாட்டன் பூட்டன்களை வாரிக்கொண்டு போனது அந்தக் குளிர்காய்ச்சல்தானே! அதைப் பரப்புவது கொசு என்று 1897ல் செகந்தராபாத்தில் ரொனால்ட் ராஸ் கண்டுபிடித்த பிறகுதான், கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்துக் காய்ச்சலை அடக்கினார்.

விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு இரத்தம், உடனே கணக்குச் சொல்லிவிடுகிறார்கள். ஆணுக்கு 13, பெண்ணுக்கு 12.5க்குக் குறையாமல் ஹீமோகுளோபின் இருக்க வேண்டும். எடை 45 கிலோவாவது வேண்டும். கணக்குக் குறைந்தால் எடுக்க மாட்டார்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள். சாய்வு நாற்காலியில் படுத்தவன் பத்து நிமிடத்தில் எழுந்து வந்து மைலோவும் பிஸ்கட்டும் சாப்பிட்டுக்கொண்டு நம்மைப் பார்த்துச் சிரித்தான். நமக்குத்தான் நெஞ்சு படபடத்தது.

ஏன் படபடத்தது என்பதைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது.

அப்போது நமக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் லயத்துக் கடைசி வீட்டு அக்காளுக்குப் பிரசவம். பிள்ளை பிறந்துவிட்டது, இரத்தப்போக்கு நிற்கவில்லை. டிரசர் ஐயா கையைப் பிசைந்துகொண்டு தோட்டத்து லாரியை வரவழைத்தார். பாய் விரித்து அக்காளைப் படுக்க வைத்து, கூடவே ஆறு ஆண்கள் ஏறிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே டாக்டர், "இரத்தம் வேண்டும், உறவுக்காரர்கள் யார் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். அக்காளின் புருஷன் கையை நீட்டினார். அவருடையது சேரவில்லை. மற்ற ஐந்து பேரைத் தேடினால், எதிர்த்தாற்போல் இருந்த தேநீர்க் கடையில் இருந்தார்களாம். மறுநாள் விடியற்காலை அதே லாரியில் அக்காளைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

அந்த ஐவரில் நம் தகப்பனாரும் ஒருவர்.

பல வருடம் கழித்து ஒரு நாள் அவரே பேச்செடுத்தார். "பால் வெட்டுறவன் உடம்புல ரத்தம் போச்சுன்னா மறுநா எப்படிடா நெரை எடுப்பான்? பெரட்டுக்குப் போகலைன்னா அன்னைக்குச் சம்பளம் யாரு கொடுப்பா?" என்றார். நாம் பதில் பேசவில்லை. அவர் கோழை அல்ல. அன்றாடம் உழைத்தால்தான் அன்றாடம் சோறு என்றிருந்தவருக்கு உடம்பு ஒன்றுதான் முதல். அந்த முதலில் கை வைக்கப் பயந்தார். அவருக்குச் சரியான விவரத்தை எடுத்துச் சொல்ல அன்று ஓர் ஆளும் இல்லை.

விவரம் இதுதான். வளர்ந்த மனிதன் உடம்பில் ஏறக்குறைய ஐந்து லிட்டர் இரத்தம் ஓடுகிறது. சிங்கப்பூரில் ஒரு தடவைக்கு எடுப்பது 350 அல்லது 450 மில்லி. அதில் போன நீர்ப்பகுதி ஓரிரு நாளிலேயே ஊறிவிடும். சிவப்பணுக்கள் சேர்வதற்குச் சில வாரம் பிடிக்கும். அதனால்தான் ஒரு தடவைக்கும் மறு தடவைக்கும் நடுவில் 12 வாரம் இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். பட்டைக்கு அளவு தெரிந்து வெட்டினால் மரம் வருடக்கணக்கில் பால் கொடுக்கும், ஆழமாக வெட்டினால் காயமாகும். இது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய பாடமா?

இன்னொரு சங்கதியும் அன்று நம் கண்ணைத் திறந்தது. நம் மருமகனுடைய இரத்தம் ஓ நெகட்டிவ். முதல் தடவை கொடுத்தபோதுதான் அது அவனுக்கே தெரிந்ததாம். இரத்தத்தில் ஏ, பி, ஓ என்று வகை இருப்பதை 1900களின் தொடக்கத்தில் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் கண்டறிந்தார். பிற்பாடு 1940ல் ஆர்எச் என்ற இன்னொரு பிரிவையும் வைனர் என்பவரோடு சேர்ந்து அவரே வெளியிட்டார். அது இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். நெகட்டிவ் உள்ளவருக்கு நெகட்டிவ் இரத்தம்தான் ஏற்ற வேண்டும்.

இனி நன்றாகக் கவனியுங்கள். சீனரிலும் மலாய்க்காரரிலும் நெகட்டிவ் இரத்தம் நூற்றில் ஒருவருக்குக்கூட இருப்பதில்லை. இந்தியரில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் இருக்கிறார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நம்மவர் சிறுபான்மை. அப்படியென்றால் நம் வீட்டுப் பெண்ணொருத்திக்கு நெகட்டிவ் இரத்தம் வேண்டும் என்று ஆஸ்பத்திரி தேடும்போது, அது பெரும்பாலும் எங்கிருந்து வர வேண்டும்? நம்மிடமிருந்துதான். அடுத்த வீட்டுச் சீன நண்பர் எத்தனை நல்லவராக இருந்தாலும், கையை நீட்டினாலும், அவருடைய இரத்தம் அவளுக்குச் சேர்வது அபூர்வம். தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்த ஐவரை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கணக்கு நம்மை உறுத்துகிறது.

தாய்மார்களுக்கு இதில் தனியாக ஒரு ஆபத்தும் உண்டு. தாய் நெகட்டிவ், வயிற்றுப் பிள்ளை பாசிட்டிவ் என்றால் முதல் பிள்ளைக்கு வழக்கமாகக் கெடுதல் வராது. பிரசவ நேரத்தில் பிள்ளையின் இரத்தம் தாயின் உடம்பில் கலந்துவிட்டால், தாயின் உடம்பு அதைப் பகை என்று எண்ணி எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கிக்கொள்ளும். அடுத்த பிள்ளை வயிற்றில் தங்கும்போது அந்தச் சக்தி போய்ப் பிள்ளையின் இரத்தத்தை அழிக்கும். "முதல் பிள்ளை நின்னுச்சு, அப்புறம் ஒண்ணும் தங்கல, யாரோ செய்வினை வச்சிட்டாங்க" என்று லயத்தில் பேசிய எத்தனையோ கதைகளில் சிலவற்றுக்குக் காரணம் இதுவாகவும் இருந்திருக்கலாம். 1968ல் இதற்கு ஊசி வந்துவிட்டது. ஆன்டி-டி என்று பெயர். பிரசவமான 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். பல ஆஸ்பத்திரிகளில் 28ஆம் வாரத்தை ஒட்டியே ஒன்று போடுகிறார்கள்.

அந்த ஊசி மருந்து தொழிற்சாலையில் வெறும் ரசாயனத்தால் செய்யப்படுவதல்ல. அதுவும் மனிதர் கொடுத்த இரத்தத்தின் நீர்ப்பகுதியிலிருந்து எடுப்பது. ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்று ஒருவர் இருந்தார். 14 வயதில் நெஞ்சில் பெரிய அறுவைச் சிகிச்சை நடந்து, யார் யாரோ கொடுத்த இரத்தத்தில் பிழைத்தவர். வயது வந்ததும் தானும் கொடுக்க ஆரம்பித்தார். அவர் இரத்தத்தில் இந்த மருந்துக்கு வேண்டிய சத்து அபூர்வமாக அமைந்திருந்தது. 1954லிருந்து 2018 வரை 1,173 தடவை கொடுத்தார். 2025ல் காலமானார். ஊசியைக் கண்டால் அவருக்குப் பயமாம், குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாராம்! பயப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

சரி, இப்படி இலவசமாகக் கிடைப்பதை ஆஸ்பத்திரிகள் எப்படிச் செலவழிக்கின்றன? கொடுப்பவருக்குக் காசு இல்லைதான். ஆனால் பை, பரிசோதனை, குளிரூட்டி, ஆள் கூலி என்று ஒவ்வொரு பைக்கும் செலவு விழுகிறது. எய்ட்ஸ் கிருமி, இரண்டு வகை மஞ்சள்காமாலை, மேகநோய் எல்லாம் பார்த்த பிறகுதான் வெளியே விடுகிறார்கள். சிவப்பணுவைக் குளிர்ப்பெட்டியில் 42 நாள் வைக்கலாம். இரத்தம் உறைவதற்கு உதவும் தட்டணுவுக்கு ஆயுள் ஐந்து நாள், மிஞ்சினால் ஏழு நாள். நீர்ப்பகுதியை உறைய வைத்தால் ஒரு வருடம் வரும். ஆகவே ஒரு பையை மூன்றாகப் பிரித்து மூன்று நோயாளிக்குக் கொடுக்கிறார்கள். ஒரு தேங்காயில் பாலெடுத்துக் குழம்புக்கும், பூவைக் காய்க்கும், சிரட்டையை அடுப்புக்கும் ஆக்குகிற நம் வீட்டுப் பெண்களின் சிக்கனம்தான் இது.

சிக்கனத்தில் இன்னொரு வகையும் வந்திருக்கிறது. ஒரு பை போதுமானால் இரண்டாவது பையை ஏற்றாதே, முதலில் நோயாளியைப் பார் என்கிறார்கள். அறுவைச் சிகிச்சைக்கு முன்பே சோகையைக் கண்டுபிடித்து இரும்புச்சத்து மருந்து கொடுத்துத் தேற்றினால், பல பேருக்கு இரத்தமே ஏற்ற வேண்டி வராது. 2021ல் உலகச் சுகாதார நிறுவனமும் இதை வலியுறுத்தியது. அறுவை நடக்கும்போது சிந்துகிற சொந்த இரத்தத்தை உறிஞ்சி, உப்பு நீரில் அலசி, திரும்பவும் அவருக்கே ஏற்றுகிற இயந்திரமும் இருக்கிறது. டோபி காட்டில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்டபோது நமக்குச் சிரிப்பு வந்தது. இரத்தத்தையே வெளுக்கிறார்கள் ஐயா!

செலவைக் குறைப்பது வேறு, தரத்தைக் குறைப்பது வேறு. இந்தியாவில் காசுக்கு இரத்தம் விற்கிற தொழிலே நடந்தது. பசிக்கு விற்றவனின் சோகை இரத்தமும் நோயும் வாங்கியவன் உடம்புக்குப் போயின. உச்ச நீதிமன்றம் 1996ல் தீர்ப்பளித்து, 1998 முதல் அந்த வியாபாரம் தடை செய்யப்பட்டது. நம் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கொடுப்பவர் மனமுவந்துதான் கொடுக்கிறார். மலேசிய அரசு ஆஸ்பத்திரிகளில் இரத்தம் கொடுத்தவர்களுக்குச் சிகிச்சைக் கட்டணத்தில் சலுகை இருக்கிறது. கொடுத்த விவரம் எழுதிய சிவப்புப் புத்தகத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, கவுண்டரில் வாய் திறந்து கேளுங்கள். கேட்காதவனுக்கு எந்த ஆபீசிலும் தானாக வந்து கொடுக்க மாட்டார்கள்.

பெருநாள் காலத்திலும் பள்ளி விடுமுறையிலும் கொடுப்பவர் குறைந்து, கையிருப்பு இறங்கிவிடுகிறது. விபத்துக்கும் பிரசவத்துக்கும் விடுமுறை ஏது? நம் மருமகனுக்குச் செய்தி வந்ததும் அப்படி ஒரு சமயத்தில்தான். "நெகட்டிவ் கம்மியா இருக்காம் மாமா, அதான்" என்றான், சர்வ சாதாரணமாக.

தேக்காவில் முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் வாங்கிக்கொண்டு, பாலத்து நெரிசலில் இரண்டு மணி நேரம் நின்று, இரவு தோட்டத்துக்கு வந்து சேர்ந்தோம். அவனுடைய தங்கைக்கு அப்போது ஐந்து மாதம். சாப்பிட்டு முடித்ததும், "பாப்பா, கிளினிக் அட்டையை எடுத்துட்டு வாம்மா" என்றோம்.

"எதுக்கு மாமா இந்த நேரத்துல?" என்று முனகிக்கொண்டே அலமாரியிலிருந்து எடுத்து வந்தாள். மூன்றாவது பக்கத்தில் இரத்த வகைக்கு நேராக 'பி நெகட்டிவ்' என்று எழுதியிருந்தது. அவள் அதைப் படித்திருக்கிறாள், என்னவென்று கேட்கவில்லை. மறு திங்கட்கிழமை அவளையும் அவள் புருஷனையும் கிளினிக்குக்கு நாமே அழைத்துப் போனோம். தாதி பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கி, 28ஆம் வாரத்துக்கு நேரே பேனாவால் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தார். மருமகன் தன் தொலைபேசி எண்ணையும் அந்த அட்டையின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறான்.