கிணறு நம்முடையது, ஊற்று யாருடையது?



"என் நிலம், என் கிணறு. லாரிக்குத் தண்ணி விட்டா யாருக்கென்ன?" என்று நூம்பல், திருவேற்காடு பக்கம் கிணறு வைத்திருக்கிறவர் கேட்கலாம். பக்கத்து நிலத்துக்காரரோ, "உன் மோட்டார் ஓடினா என் கிணத்துல ஊத்து அடங்கிப் போவுதே, யாருகிட்ட சொல்றது?" என்பார். இரண்டு பேரும் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி இது.

நிலத்தடித் தண்ணீரை எடுக்கும் உரிமையை 1882-ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்துக்காரருக்குத் தருகிறது. ஆனால் 'தன் எல்லைக்குள்' என்ற வரம்பும் அதிலேயே உண்டு. பிறகு 1987-இல் சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது. நகரத்திலும், அட்டவணையில் சேர்த்த கிராமங்களிலும் கிணறு தோண்ட அனுமதி வேண்டும்; லாரியில் தண்ணீர் கொண்டுபோக உரிமம் வேண்டும்.

மாநிலம் முழுவதுக்குமாக 2003-இல் போட்ட சட்டம் 2013-இல் ரத்தாயிற்று. 2014-இல் பொதுப்பணித் துறை ஓர் அரசாணை போட்டது. சட்டம் இல்லாமல் அரசாணை செல்லாது என்று தண்ணீர்க் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. செல்லும் என்று 2018 அக்டோபர் 3-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வியாபாரத்துக்கு எடுக்கும் தண்ணீரை மீட்டர் வைத்து அளக்கச் சொன்னது. திருட்டுத்தனமாக எடுத்தால் திருட்டு வழக்கே போடலாம் என்றது.

அப்படியானால் ஊராட்சிக்கு அதிகாரம் இல்லையா? கேரளத்துப் பிளாச்சிமடையைப் பாருங்கள். 2003-இல் பெருமாட்டி ஊராட்சி, கொகோ கோலா ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. நிலத்தடி நீர் பொதுச்சொத்து என்று அந்த டிசம்பரில் தனி நீதிபதி சொன்னார். 2005-இல் இரண்டு நீதிபதிகள், நிபுணர்கள் கொடுத்த அளவுக் கணக்கைப் பார்த்து, தினம் 5 லட்சம் லிட்டர் வரை எடுக்கலாம் என்று மாற்றிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. ஆலையைத் திரும்பத் திறக்கப் போவதில்லை என்று 2017-இல் கம்பெனியே சொன்னது.

ஆகவே வெறும் தீர்மானம் போதாது, அளவு வேண்டும். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, மாதம் ஒரு தடவை கிணற்று நீர்மட்டத்தை அளந்து, தேதி போட்டு எழுதி வையுங்கள். ஊற்று குறைந்தால் அந்தக் கணக்கோடு கோட்டாட்சியரிடம் மனுக் கொடுங்கள். லாரிக்குத் தண்ணீர் விடுகிறவர்கள், தங்கள் கிராமம் அட்டவணையில் உண்டா என்று தாலுகா ஆபீசில் முதலில் விசாரியுங்கள். அப்புறம் மோட்டாரைப் போடலாம்.