மேடைக்குப் போன சனிக்கிழமைகள்

எங்கள் இசைக்குழுவில் ஐந்து பேர். ஒருவர் ஆசிரியர், ஒருவர் லோரி ஓட்டுநர், மற்ற மூவரும் தொழிற்சாலை ஊழியர்கள். நான் ஆயர் குரோ தொழிற்பேட்டையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். வார இறுதியில் திருமண விருந்து, பிறந்தநாள், கோயில் திருவிழா என்று வாசிப்போம். நான் கீபோர்ட்.

“நாலு மணி நேர நிகழ்ச்சிதான்” என்றுதான் வீட்டில் சொல்வோம். உண்மைக் கணக்கு வேறு. ஜொகூர் பாருவில் இரவு ஏழு மணிக்கு விருந்து என்றால், நண்பகலில் வேன் கிளம்ப வேண்டும். ஒலிபெருக்கிகளை இறக்கி, கம்பிகளை இணைத்து, ஒலியைச் சரிபார்க்கவே மாலையாகிவிடும். முடித்து, மீண்டும் ஏற்றி, வீட்டுக் கதவைத் தட்டும்போது அதிகாலை இரண்டு. மொத்தம் பதினான்கு மணி நேரம். நம் நாட்டில் 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேரத்துக்கான உச்சவரம்பு 45 மணி. அதற்கு மேல்தான் இந்தப் பதினான்கு.

அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். அதில் ஒரு நாள் சனிக்கிழமை. அழைத்துப் போவதும் கூட்டி வருவதும் என் மனைவி. கூடவே நான்கு வயது மகள்.

போன ஆண்டு ஒரு சனிக்கிழமை, சிகிச்சை முடிந்து கார் நிறுத்துமிடத்தில் அப்பாவுக்குத் தலைசுற்றல் வந்துவிட்டது. ஒரு கையில் குழந்தை, மறு கையில் அப்பா. முன்பின் தெரியாத ஒருவர்தான் ஓடி வந்து தாங்கிப் பிடித்தாராம். என் கைப்பேசி அப்போது கீபோர்ட் பெட்டிக்குள் இருந்தது. இரவு பதினொன்றரைக்கு எடுத்துப் பார்த்தபோது, தவறவிட்ட அழைப்புகள் ஒன்பது.

மனைவி சண்டை போடவில்லை. சுவரில் தொங்கிய நாள்காட்டியைக் கழற்றி என் முன் வைத்தார். மூன்று மாதத்தில் 13 சனிக்கிழமைகள். பத்தில் நான் வீட்டில் இல்லை.

“வாசிக்க வேணாம்னு நான் சொல்லலீங்க. ஆனா அன்னிக்கு அப்பாவை யாரு பார்க்கிறதுன்னு ஒரு தடவையாச்சும் கேட்டீங்களா?”

கேட்டதில்லை.

அந்த வாரம்தான் கோலாலம்பூரிலிருந்து ஒரு வாய்ப்பு வந்திருந்தது. ஆறு மாதம், வெள்ளியும் சனியும், ஒரே இடத்தில் மேடை. பேஸ் கிட்டார் தம்பிக்கு 24 வயது, திருமணமாகவில்லை. அவன் கேட்டான்: “அண்ணே, அலிகேட்ஸ் பினாங்குலேயே உட்கார்ந்திருந்தா அவங்க பேரு நமக்குத் தெரிஞ்சிருக்குமா?”

அவன் கேட்டது நியாயம். பினாங்கில் தொடங்கிய டேவிட் ஆறுமுகம், லோகநாதன் சகோதரர்களின் குழு, 1970களில் ஹாங்காங் போய் மேடைகளில் பாடித்தான் தேர்ந்தது. 1979-இல் ‘தெரிமா காசே’ இசைத்தொகுப்பு வந்தது. தமிழ்ப் பிள்ளைகள் மலாய்ப் பாடல்களால் நாடு முழுக்கப் பெயர் பெற்றார்கள். 2007-இல் லோகநாதன் புற்றுநோயால் மறைந்த பிறகும் டேவிட் குழுவை நடத்தினார்.

ஆனால் அவர்களுக்கு இசைதான் தொழில். எங்களுக்குத் தொழில் வேறு. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது விருந்து மண்டபங்கள் மூடிக் கிடந்தன. மேடையை மட்டும் நம்பியிருந்த கலைஞர்களுக்கு வருமானமே நின்றது. எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது மாதச் சம்பளத்தால்.

நால்வர் வேண்டாம் என்றோம். வருத்தம் இல்லாமல் இல்லை.

அதன் பிறகு நான்கு விஷயங்களை மாற்றினோம். மாதம் இரண்டு நிகழ்ச்சிதான். முன்பணம் வாங்குவதற்கு முன் ஐந்து வீட்டிலும் தேதியைக் கேட்க வேண்டும். நிகழ்ச்சி நேரத்தில் ஒருவரின் கைப்பேசி மேடைக்கு வெளியே, எடுத்துப் பேச ஓர் ஆளோடு இருக்க வேண்டும். நான்காவதுதான் முக்கியம்: வருமானத்தைப் பங்கு பிரிக்கும் முன், வேனுக்கு எண்ணெய்க் காசு எடுப்பதுபோல், அன்று வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவையும் எடுத்துவிடுகிறோம். அப்பாவை அழைத்துப் போக ஓர் ஓட்டுநர், டிரம்ஸ் வாசிப்பவரின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் அக்கா. இத்தனை நாள் அந்தச் செலவை எங்கள் மனைவிமார் சம்பளமின்றிச் சுமந்தார்கள். நாங்கள் அதை லாபம் என்று எண்ணிக்கொண்டோம்.

டிரம்ஸ் நண்பர் வேலை நேரத்தை மாற்றக் கேட்டு எழுத்துப்பூர்வமாக விண்ணப்பித்தார். திருத்தப்பட்ட வேலைச் சட்டப்படி, முதலாளி 60 நாளில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். பலருக்கு இது தெரிவதில்லை.

தம்பி கோலாலம்பூர் போய்விட்டான், வேறொரு குழுவில். அவனைத் தப்பு சொல்ல மாட்டேன். அவன் வயதில் நானும் போயிருப்பேன்.

தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காசில் என் முதல் கீபோர்டை வாங்கித் தந்தவர் அப்பா. போன சனிக்கிழமை டயாலிசிஸ் நிலையத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தம்பி அனுப்பிய காணொளியைக் காட்டி, ஒரு காதொலிப்பானை அவர் காதில் வைத்தேன். முழுசாகக் கேட்டார்.

“பேஸு நல்லா இருக்கே. உங்களுக்கு இப்ப யாரு வாசிக்கிறா?”

“ஆள் தேடுறோம்பா” என்றேன்.