டார்ச் அடிக்க உங்கள் லொகேஷன் எதற்கு?

போன மாதம் மதுரையில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். ராத்திரி கரன்ட் போய்விட்டது. அத்தை போனை எடுத்தார், ஏதோ ஒரு ஆப்பைத் திறந்தார், அதில் ஓடிய விளம்பரம் முடியும்வரை இருட்டில் நின்றார், அப்புறம் டார்ச்சைப் போட்டார்.

“ஏன் அத்தை, போன்லயே டார்ச் இருக்கே. இதுக்குத் தனியா ஒரு ஆப்பா?”

“இருந்துட்டுப் போகட்டும்டா. காசா பணமா, சும்மாதானே குடுக்குறான்?”

கரன்ட் வந்ததும் அந்த ஆப்புக்கு என்னென்ன அனுமதி கொடுத்திருக்கிறார் என்று பார்த்தேன். கேமரா என்றிருந்தது. சரி, பிளாஷ் லைட் கேமராவோடு சேர்ந்தது. அடுத்தது லொகேஷன். அதற்கும் கீழே கான்டாக்ட்ஸ். வெளிச்சம் அடிக்க அத்தை எந்தத் தெருவில் நிற்கிறார் என்று எதற்குத் தெரிய வேண்டும்? சம்பந்தி வீட்டு நம்பர் எதற்கு?

இதே கேள்வி அமெரிக்காவில் 2013-லேயே எழுந்தது. அங்கே ‘பிரைட்டஸ்ட் பிளாஷ்லைட்’ என்று ஆண்ட்ராய்டு போன்களுக்கு ஒரு இலவச டார்ச் ஆப். கோடிக்கணக்கான முறை டவுன்லோடு ஆனது. அது பயனர் இருக்கும் இடத்தையும் போனின் அடையாள எண்ணையும் விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்ததை அந்நாட்டின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்.டி.சி. கண்டுபிடித்தது. முதல் முறை திறக்கும்போது ‘ஏற்கிறேன்’, ‘மறுக்கிறேன்’ என்று இரண்டு பட்டன் வரும். நீங்கள் எதையும் தொடுவதற்கு முன்பே தகவல் கிளம்பிப் போயிருக்கும். மறுப்பு பட்டன் சும்மா அழகுக்கு.

காசு எங்கிருந்து வருகிறது?

ஒரு சின்ன நிறுவனம் இலவச ஆப் செய்கிறது என்று வையுங்கள். விளம்பர நிறுவனங்கள் தரும் ரெடிமேட் மென்பொருள் துண்டு ஒன்றை அதற்குள் சேர்த்துக்கொள்கிறார்கள். எஸ்.டி.கே. என்பார்கள். ஆப்பைத் திறந்ததும், திரையில் விளம்பரத்துக்கான இடம் ஏலத்துக்குப் போகிறது. இன்ன மாடல் போன், இன்ன ஊர், இன்ன விளம்பர அடையாள எண் என்ற விவரங்கள் ஒரே நேரத்தில் பல நிறுவனங்களுக்குச் செல்கின்றன. அதிக விலை கேட்டவரின் விளம்பரம் உங்கள் திரையில் தெரியும். கண் இமைக்கும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஏலத்தில் ஜெயிப்பது ஒருவர்தான். ஆனால், விவரம் தோற்றவர்கள் கைக்கும் போயிருக்கிறதே!

கூகுள், ஃபேஸ்புக் மாதிரியான பெரிய நிறுவனங்களின் வழி கொஞ்சம் வேறு. உங்களைப் பற்றிய தகவலை அவர்கள் மூட்டை கட்டி விற்பதில்லை. தங்களிடமே வைத்துக்கொண்டு, ‘30 வயது, கோவை, புதிதாகக் குழந்தை பிறந்தவர்கள்’ என்று விளம்பரதாரர் கேட்டால், அவர்கள் கண்ணில் படும்படி விளம்பரத்தை வைக்கிறார்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றுக்கும் சொந்தக்கார நிறுவனமான மெட்டாவின் 2023-ம் ஆண்டு வருமானம் சுமார் 13,500 கோடி டாலர். அதில் 100-க்கு 97 டாலருக்கு மேல் விளம்பரத்தில் வந்தது.

இலவசம் என்றாலே வில்லங்கம் என்றும் சொல்லிவிட முடியாது. சினிமா பார்க்க நாம் போட்டு வைத்திருக்கும் வி.எல்.சி. பிளேயரும் இலவசம்தான். லாப நோக்கமில்லாத ஓர் அமைப்பு நடத்துகிறது, விளம்பரம் கிடையாது. எது எந்த ரகம் என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது என்பதுதான் சிக்கல். காவலுக்கு வைத்தவரே கணக்கு எழுதி விற்ற கதையும் நடந்திருக்கிறது.

காவல்காரன் செய்த வியாபாரம்

அவாஸ்ட் என்ற பெயர் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். செக் நாட்டு நிறுவனம். புது கம்ப்யூட்டர் வாங்கினால், சர்வீஸ் செய்கிற பையன் முதலில் போட்டுக் கொடுக்கும் இலவச ஆன்ட்டிவைரஸ்களில் அதுவும் ஒன்று. இணையத்தில் உங்களை யாரும் பின்தொடராமல் காப்போம் என்றும் அது சொல்லிக்கொண்டது.

அதன் துணை நிறுவனம் ஜம்ப்ஷாட். அவாஸ்டைப் போட்டவர்கள் எந்த வலைதளத்துக்குப் போனார்கள், என்ன தேடினார்கள், எதை கிளிக் செய்தார்கள் என்ற விவரங்கள் 2014 முதல் இந்த ஜம்ப்ஷாட்டுக்குப் போயின. அங்கிருந்து விற்பனை. வாங்கியவர்கள் 100-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் என்கிறது எஃப்.டி.சி. 2020 ஜனவரியில் மதர்போர்டு, பிசிமேக் ஆகிய இரண்டு ஊடகங்கள் சேர்ந்து இதை அம்பலப்படுத்தின. அந்த மாதமே ஜம்ப்ஷாட்டை மூடுவதாக அவாஸ்ட் அறிவித்தது.

‘பெயர், இமெயில் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுத்தான் கொடுத்தோம்’ என்பது அவர்கள் தரப்பு பதில். பெரும்பாலான நிறுவனங்கள் இன்றைக்கும் சொல்வது இதைத்தான். கேட்பதற்கு நியாயமாகவும் இருக்கும். ஆனால், ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் மாறாத ஓர் அடையாள எண் ஒட்டப்பட்டிருந்தது. ஒவ்வொரு கிளிக்குக்கும் நேரம், நொடி வரை பதிவாகியிருந்தது.

இன்ன தேதியில், மதியம் 12 மணி 3 நிமிடம் 5 நொடிக்கு, இந்த எண்ணுள்ள கம்ப்யூட்டரில் ஒருவர் ஆன்லைன் கடையில் ஒரு குக்கரை கார்ட்டில் போட்டார் என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெயர் இல்லை. ஆனால், அந்த நொடியில் அந்த குக்கரை எடுத்தது யார் என்று அந்தக் கடைக்குத் தெரியுமே! முகவரி முதற்கொண்டு அவர்களிடம் இருக்கிறது. இந்தப் பட்டியலைக் கடைக்காரர் வாங்கினால், ஒரே ஒரு வரியை வைத்து எண்ணுக்குப் பெயர் வைத்துவிடலாம். அதன்பின் அதே எண் ராத்திரி 2 மணிக்குத் தேடிய நோய், விண்ணப்பித்த வேலை, யாருக்கும் சொல்லாமல் பார்த்த தளம் எல்லாம் அந்தப் பெயருக்குக் கீழே வந்து உட்கார்ந்துவிடும்.

எஃப்.டி.சி. தன் புகாரில் 100 பதிவுகள் கொண்ட மாதிரி ஒன்றைப் பற்றிச் சொல்கிறது. மார்பகப் புற்றுநோய் அறிகுறிகள் பற்றிய ஆய்வுக்கட்டுரை, ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக கூகுள் மேப்பில் பார்த்த வழி, ஸ்பானிஷ் மொழியில் ஒரு குழந்தைகள் வீடியோ, பிரெஞ்சு டேட்டிங் தளம் என்று போகிறது அந்தப் பட்டியல். அந்தப் புற்றுநோய் கட்டுரையை யார், எதற்காகத் திறந்தார்களோ! டாக்டரிடம்கூட அப்போது சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆன்ட்டிவைரஸுக்குத் தெரிந்திருக்கிறது.

2024 பிப்ரவரியில் எஃப்.டி.சி. அவாஸ்டை 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. நம் கணக்கில் ஏறக்குறைய 137 கோடி ரூபாய். பிரவுசிங் தகவல்களை விளம்பரத்துக்காக விற்கவும் தடை போட்டது. பிறகு, பாதிக்கப்பட்டவர்கள் நஷ்டஈடு கேட்டு விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தார்கள். யார் விண்ணப்பிக்கலாம் தெரியுமா? அந்தக் காலத்தில் அவாஸ்டைக் காசு கொடுத்து வாங்கியவர்கள். சும்மா பயன்படுத்தியவர்களுக்கு அதில் இடமில்லை.

நம் ஊரில்?

2023-ல் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. மீறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம். விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியமான கடமைகளை நிறைவேற்ற நிறுவனங்களுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம். சட்டத்தில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன பிரிவு. உங்களிடம் அனுமதி கேட்கும் அறிவிப்பை, நீங்கள் விரும்பினால் தமிழிலும் படிக்க வழிசெய்ய வேண்டும். 40 பக்க ஆங்கிலத்துக்கு அத்தை ‘ஓகே’ கொடுத்ததைச் சம்மதம் என்று சொல்லிக்கொண்டிருப்பது இனி கஷ்டமாகும் என்று நம்புகிறேன்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய், கூகுள், அதற்குள் ஆட்ஸ் என்று போனால் விளம்பர அடையாள எண்ணையே டெலீட் செய்யலாம். போனுக்குப் போன் பெயர்கள் கொஞ்சம் மாறும். ஐபோனில் பிரைவஸி பகுதியில் டிராக்கிங் என்று இருக்கும், அதை ஆஃப் செய்தால் போதும். லொகேஷன் உண்மையிலேயே தேவைப்படும் ஆப்களுக்கு, பயன்படுத்தும்போது மட்டும் என்று கொடுங்கள். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு ஆப்புக்கும் கீழே டேட்டா சேஃப்டி என்று ஒரு பகுதி உண்டு. பார்க்கலாம், தப்பில்லை. ஆனால், அதை நிரப்புவது ஆப் செய்தவரேதான். மாப்பிள்ளை வீட்டார் தாங்களே எழுதிக் கொடுத்த நற்சான்றிதழ் மாதிரி!

அத்தை போனில் அன்றைக்கு உட்கார்ந்து 11 ஆப்களை எடுத்தேன். டார்ச், திசைகாட்டி, பேட்டரியைக் காப்பாற்றுகிற ஆப் இரண்டு, ஜாதகம் மூன்று. திரையை மேலிருந்து கீழே இழுத்து, அங்கே டார்ச் படம் இருப்பதைக் காட்டினேன். அழுத்திப் பார்த்தார்.

“விளம்பரமே வரலையேடா!” என்றார்.

ஜாதக ஆப்பில் ஒன்றை மட்டும் எடுக்க விடவில்லை. அதில் தன் பிறந்த தேதி, நேரம், ஊர், மகனின் நட்சத்திரம் எல்லாம் ஏற்கெனவே கொடுத்து வைத்திருக்கிறாராம்.