சேலத்துக் குட்டையும் கியோட்டோ மேசையும்

மரவள்ளி அறுவடைக் காலத்தில் ராசிபுரத்திலிருந்து ஆத்தூருக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு, ஜவ்வரிசி ஆலை வந்துவிட்டது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் கண்ணாடிகளை இழுத்து மூடும் சத்தமே சொல்லிவிடும். புளித்த மாவும் அழுகிய முட்டையும் கலந்தது போன்ற வாடை அது. இரண்டு கிலோமீட்டர் வரை விடாது.

ஆலைக்குள் போனால் வாடை எங்கிருந்து வருகிறது என்பது புரியும். டிராக்டரில் வந்து இறங்கும் குச்சிக்கிழங்கைக் கழுவி, தோலுரித்து, அரைத்து, சலித்து, மாவுப்பாலைத் தொட்டியில் தேக்குகிறார்கள். மாவு அடியில் படிகிறது. சக்கை திப்பியாகக் காய்ந்து மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. மாவைத் துணியில் கட்டிக் குலுக்கினால் முத்து முத்தாக உருள்கிறது. அதை வறுத்துக் களத்தில் காயவைத்தால் ஜவ்வரிசி. இவ்வளவுக்கும் தண்ணீர் தாராளமாக வேண்டும். மாவு போக மிஞ்சிய தண்ணீர் ஆலைக்குப் பின்புறம் குட்டையாகத் தேங்கி நிற்கும்.

அப்படியொரு குட்டையின் கரையில் ஒரு மார்கழிக் காலையில் நின்றிருந்தேன். நீர்ப்பரப்பு முழுக்கச் சின்னச் சின்னக் கொப்புளங்கள் மேலே வந்து உடைந்துகொண்டே இருந்தன. பக்கத்தில் நின்ற வயதான தொழிலாளி சொன்னார்: "அதுதாங்க கேஸு. மூடி வெச்சா அடுப்பெரியும், தொறந்து வெச்சா ஊரு நாறும்."

அவர் சொன்ன கேஸ், மீத்தேன். வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வலுவானது. எத்தனை மடங்கு என்ற கணக்கு ஒன்று உண்டு. கியோட்டோ ஒப்பந்தத்துக்காக உலக நாடுகள் எடுத்துக்கொண்ட எண் 21. ஒரு டன் மீத்தேனைப் பிடித்து எரித்தால் 21 டன் கரியமில வாயுவைத் தடுத்ததாகக் கணக்கு. அந்த எண்ணும், அதோடு சேர்ந்து வந்த ஒரு விதியும்தான் சேலம், நாமக்கல் வட்டாரத்துக் குட்டைகள் சிலவற்றுக்கு மூடி போட வைத்தன. பருவநிலைப் பேச்சுவார்த்தை என்றால் எங்கோ கோட்டு சூட்டுப் போட்டவர்கள் பேசிக் கலையும் சங்கதி என்று நினைக்கிறவர்களுக்கு இந்தக் கதையை நான் சொல்வது வழக்கம்.

1997ஆம் ஆண்டு. பணக்கார நாடுகள் எவ்வளவு புகையைக் குறைக்க வேண்டும் என்று பேச டிசம்பரில் கியோட்டோவில் கூடுவதாக ஏற்பாடு. சில மாதங்களுக்கு முன்பே பிரேசில் ஒரு யோசனையை எழுதிக் கொடுத்தது. ஒப்புக்கொண்ட அளவை மீறும் பணக்கார நாடு அபராதம் கட்ட வேண்டும். அந்தப் பணம் ஒரு நிதியில் சேர்ந்து, வளரும் நாடுகள் தூய தொழில்நுட்பத்துக்கு மாற உதவ வேண்டும். வளரும் நாடுகள் அதை ஆதரித்தன. அமெரிக்கா அபராதத்தை ஏற்கவில்லை. பேச்சு நீண்டு, கடைசியில் டிசம்பர் 11 அன்று ஒப்பந்தம் நிறைவேறியபோது, 'நிதி' என்ற சொல் இருந்த இடத்தில் 'வழிமுறை' என்ற சொல் இருந்தது. தூய்மை வளர்ச்சி நிதி, தூய்மை வளர்ச்சி வழிமுறை ஆனது. அபராதம் போய் வியாபாரம் வந்தது. வளரும் நாட்டில் ஒரு டன் புகையைத் தடுத்தால் ஒரு கார்பன் கிரெடிட். அதைப் பணக்கார நாடு விலைக்கு வாங்கித் தன் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

ஒப்பந்தம் 2005 பிப்ரவரி 16 அன்று நடைமுறைக்கு வந்தது. சேலம், நாமக்கல், ஈரோடு பக்கங்களில் ஸ்டார்ச், ஜவ்வரிசி ஆலைகள் சில, குட்டைத் தண்ணீரை மூடிய கலனில் விட்டு எரிவாயு எடுக்கத் தொடங்கின. நாமக்கல்லில் கோழி எருவிலிருந்து வாயு எடுத்து 2.4 மெகாவாட் மின்சாரம் தயாரிக்கும் நிலையமும் இதே கணக்கில் வந்ததுதான். 2008 வாக்கில் ஐரோப்பியச் சந்தையில் ஒரு கிரெடிட் 20 யூரோவைத் தாண்டி விலைபோனது. 2012 முடிவதற்குள் ஒரு யூரோவுக்கும் கீழே விழுந்தது. அங்கே தொழில் மந்தம், கிரெடிட்டுகள் தேவைக்கு மேல் குவிந்தன, வாங்க ஆளில்லை. அந்த வருமானத்தை நம்பி வரவு செலவு போட்டவர்களுக்குக் கணக்கு உதைத்தது. கலன் கட்டியவர்களுக்கு எரிவாயு மிச்சம். விறகுச் செலவும் எண்ணெய்ச் செலவும் குறைந்தன. ஆனால் ஆலோசகர் கட்டணம், சரிபார்ப்புக் கட்டணம், பதிவு என்று இழுத்தடிக்கும் நடைமுறைக்குள் சிறிய ஆலைகளால் நுழையவே முடியவில்லை. அவர்களுடைய குட்டைகள் திறந்தே கிடந்தன.

'நிதி' என்றே அந்தச் சொல் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஊகிக்க வேண்டிய அவசியம் இல்லை. இதே சேலம் மாவட்டத்தில், மேட்டூரில், அதற்கு விடை இருக்கிறது.

ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் மான்ட்ரியலில் ஒரு ஒப்பந்தம் உருவானது. பழைய ஃபிரிட்ஜ்களில் ஓடிய சிஎஃப்சி வாயுக்களை நிறுத்துவதே நோக்கம். இந்தியா உடனே கையெழுத்துப் போடவில்லை. மாற்றுத் தொழில்நுட்பத்துக்கு யார் பணம் கொடுப்பது என்று கேட்டது. 1990 ஜூனில் லண்டனில் கூடியபோது, அப்போது சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த மேனகா காந்தி இதையே பிடியாகப் பிடித்தார். சீனாவும் அப்படியே நின்றது. அந்தக் கூட்டத்தில்தான் பணக்கார நாடுகள் பணம் போடும் பலதரப்பு நிதி உருவானது. அதன் பிறகே, 1992இல், இந்தியா ஒப்பந்தத்தில் சேர்ந்தது.

அந்த நிதி காகிதத்தோடு நிற்கவில்லை. இந்தியாவில் சிஎஃப்சி தயாரித்த நிறுவனங்கள் நான்கு. மேட்டூரில் இருக்கும் கெம்பிளாஸ்ட் சன்மார் அவற்றில் ஒன்று. உற்பத்தியைப் படிப்படியாக நிறுத்த நான்குக்கும் சேர்த்து 8.2 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. 2008 ஆகஸ்ட் 1 அன்று இந்தியா சிஎஃப்சி உற்பத்தியை நிறுத்தியது. கெடுவுக்கு ஒன்றரை ஆண்டு முன்னதாகவே.

கியோட்டோவின் வியாபாரமும் மேட்டூரை எட்டியது என்பதைச் சொல்லாவிட்டால் கதை பாதிதான். குளிர்பதன வாயு தயாரிக்கும்போது உபரியாக வெளிவரும் எச்எஃப்சி-23 என்ற வாயு, அன்றைய கணக்குப்படி கரியமில வாயுவைவிட 11,700 மடங்கு வலுவானது. அதை எரித்துக் கிரெடிட் பெற்ற ஐந்து இந்திய ஆலைகளில் மேட்டூர் ஆலையும் ஒன்று. எரிப்பதற்கு ஆகும் செலவு சொற்பம், வரும் கிரெடிட் மலையளவு. உலகெங்கும் இதற்கு எதிர்ப்புக் கிளம்பி, 2013இல் ஐரோப்பா அந்தக் கிரெடிட்டுகளை ஏற்க மறுத்தது. 2016 அக்டோபரில், ருவாண்டாவின் கிகாலியில் மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ் அடுத்த உடன்பாடு முடிகிற தறுவாயில், அந்த வாயுவைச் சொந்தச் செலவிலேயே எரிக்க வேண்டும் என்று இந்திய அரசு ஆலைகளுக்கு உத்தரவிட்டது. சந்தை நேராகச் செய்யாததை ஒரு நேரடி உத்தரவு செய்தது. ஒரே மாவட்டத்தில், நிதியும் சந்தையும் என்ன செய்யும் என்பதற்கு இரண்டு சாட்சிகள். பேச்சுவார்த்தைக்குத் தயாராகிற டெல்லி அதிகாரி ஒருவர் பார்க்க வேண்டிய இடம் எது என்று என்னைக் கேட்டால், ஜெனீவாவுக்கு முன்னால் மேட்டூரைச் சொல்வேன்.

தயாரிப்பு என்றால் முதலில் எண்ணிக்கை. 1990 வாக்கில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை, இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்கு 3.78 கோடி டன் மீத்தேனை விடுவதாக மதிப்பிட்டிருந்தது. வேறெங்கோ எடுத்த அளவை நம் வயல் பரப்பால் பெருக்கிய கணக்கு அது. அதே காலத்தில் வாஷிங்டனிலிருந்து வந்த ஓர் அறிக்கை, உலகின் முன்னணி மாசு நாடுகளின் வரிசையில் இந்தியாவையும் வைத்தது. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் விஞ்ஞானி ஏ.பி. மித்ரா, நாடெங்கும் வயல்களில் கருவியோடு ஆட்களை இறக்கி 1991இல் அளக்க வைத்தார். கிடைத்த எண் சுமார் 40 லட்சம் டன். ஒன்பதில் ஒரு பங்கு கூடத் தேறவில்லை. அதே ஆண்டில் சுற்றுச்சூழல் ஆய்வாளர்கள் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் ஒரு கேள்வி எழுப்பினார்கள்: உயிர் பிழைக்க விடும் புகையும், சொகுசுக்காக விடும் புகையும் ஒன்றா? நெல்லும் மாடும் வைத்திருப்பவனும் இரண்டு கார் வைத்திருப்பவனும் ஒரே தட்டில் நிற்க முடியுமா? 1992 ரியோ மாநாட்டில் 'பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்பு' என்ற சொற்றொடரைப் பிடித்து நிற்க இந்தியாவுக்குக் காலடியில் தரை இருந்ததென்றால், அந்த வயல் அளவும் அதற்கு ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

அடுத்தது சொல். இந்தப் பேச்சுவார்த்தைகளில் வாக்கெடுப்பு கிடையாது. 1995இல் பெர்லினில் நடந்த முதல் மாநாட்டிலேயே, வாக்கெடுப்பு பற்றிய விதியில் ஒத்துவராமல் அதை ஒதுக்கி வைத்தார்கள். இன்றுவரை அது ஏற்கப்படவில்லை. எல்லாரும் ஒப்புக்கொண்டால்தான் எதுவும் நடக்கும். ஒப்புக்கொள்ளாத சொல்லைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டு வைப்பார்கள். ஒரு பக்க வரைவில் நூறு அடைப்புக்குறிகள் கூட இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகப் பிரிப்பதுதான் வேலை. நவம்பர் மாநாட்டில் தொலைக்காட்சியில் தெரிவது கடைசி இரவு. உண்மையான உழைப்பு ஜூனில் ஜெர்மனியின் பான் நகரில் நடக்கும். எதைப் பேசுவது என்ற நிகழ்ச்சி நிரலுக்கே அங்கே சண்டை. 2025 ஜூனில் அந்த நிரலை ஏற்கவே ஏறத்தாழ இரண்டு நாள் ஆனது. பணக்கார நாடுகள் பணம் தர வேண்டிய கடமையைச் சொல்லும் பாரிஸ் ஒப்பந்தத்தின் 9.1 பிரிவைத் தனியாகப் பேச வேண்டும் என்று இந்தியா உள்ளிட்ட வளரும் நாடுகளின் குழு கேட்டதுதான் முக்கியக் காரணம். நேரம் வீணாகிறது என்று பலர் எழுதினார்கள். நிரலில் இல்லாதது மேசைக்கு வராது என்பதை அறிந்தவர்கள் அப்படி எழுத மாட்டார்கள்.

தமிழர்கள் இருவர் இந்த மேசையில் முக்கியமான இடத்தில் இருந்திருக்கிறார்கள். 2002இல் எட்டாவது மாநாடு டெல்லியில் நடந்தபோது தலைமை தாங்கியவர், அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் டி.ஆர். பாலு. புகைக் குறைப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த அரங்கில், பாதிப்பைத் தாங்கிக்கொள்வதும் ஏழை நாடுகளின் வளர்ச்சியும் டெல்லி பிரகடனத்தில் அழுத்தமாக இடம்பிடித்தன. 2011 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெயந்தி நடராஜன். வெள்ளியன்று முடிய வேண்டிய கூட்டம் ஞாயிறு விடியும்வரை நீண்டது. நியாயப் பங்கீட்டைப் பற்றி அவர் உணர்ச்சியோடு பேசிய பிறகு, மண்டபத்தின் நடுவிலேயே ஐரோப்பிய ஆணையர் கோனி ஹெடகார்டும் அவரும் மற்றவர்களும் வட்டமாக நின்று சொல் தேடினார்கள். 'சட்ட வலுவுடன் கூடிய ஒப்புக்கொண்ட முடிவு' என்ற தொடர் அங்கேதான் பிறந்தது. நான்கு ஆண்டு கழித்து வந்த பாரிஸ் ஒப்பந்தத்துக்கு அந்தத் தொடரே வாசல்.

2021இல் கிளாஸ்கோவில் நிலக்கரியை 'நீக்குதல்' என்று இருந்ததை 'குறைத்தல்' என்று மாற்ற இந்தியா கேட்டது, உலகம் கடிந்துகொண்டது. 1,440 மெகாவாட் மேட்டூர் அனல்மின் நிலையத்தின் புகையை அன்றாடம் பார்க்கிறவர்களுக்கு அந்த ஒரு சொல்லின் இரண்டு பக்கமும் தெரியும். சாம்பலும் அங்கே இருக்கிறது, சம்பளமும் அங்கே இருக்கிறது. மூடுகிற காலம் வரும்போது அந்தக் குடும்பங்களுக்கு என்ன வழி என்பதை வரைவில் எழுதாமல் 'நீக்குதல்' என்று மட்டும் எழுதுவது நியாயமில்லை. அதைச் சாக்காக வைத்து வழியைத் தேடாமலே இருப்பதும் நியாயமில்லை.

இப்போது இன்னொரு கதவு திறந்திருக்கிறது. ஐரோப்பாவுக்குப் போகும் இரும்பு, எஃகு மீது 2026 ஜனவரி முதல் கார்பன் எல்லை வரி. சேலம் உருக்காலையும், பொட்டனேரியில் உள்ள எஃகு ஆலையும் இருக்கும் மாவட்டத்துக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. 2024இல் பாகு மாநாட்டிலேயே இதை நிரலில் சேர்க்கச் சொல்லி இந்தியா, சீனா, பிரேசில், தென்னாப்பிரிக்கா கேட்டன, கிடைக்கவில்லை. அதே பாகுவில், 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்ற நிதி முடிவைத் தலைவர் சுத்தியலடித்து நிறைவேற்றிய பிறகு, இந்தியப் பிரதிநிதி சாந்தினி ரெய்னா எழுந்து ஏற்க மாட்டோம் என்று சொல்ல வேண்டியிருந்தது. வளரும் நாடுகள் கேட்டது 1.3 லட்சம் கோடி டாலர். 2025 நவம்பரில் பிரேசிலின் பெலெமில்தான், வணிகத் தடைகளைப் பற்றி இனிவரும் ஜூன் அமர்வுகளில் உரையாட இடம் கிடைத்தது.

அந்த அமர்வுகளுக்கு நம் மாவட்டங்களிலிருந்து என்ன போகும் என்பதே என் கவலை. எத்தனை குட்டைகள் இன்னும் திறந்து கிடக்கின்றன, ஒரு மூட்டை ஜவ்வரிசிக்கு எவ்வளவு மீத்தேன், சிறிய ஆலை ஒன்று கலன் கட்ட எவ்வளவு ஆகும் என்பதையெல்லாம் அளந்து வைக்க இங்கேயே ஆட்கள் உண்டு. ஏத்தாப்பூரில் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1981 முதல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவு சங்கம் இருக்கிறது. 2023இல் சேலம் ஜவ்வரிசி புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. மித்ரா நெல் வயலில் செய்ததை இவர்கள் ஜவ்வரிசிக் குட்டையில் செய்யலாம்.

அன்று கரையில் நின்ற பெரியவர், நான் கிளம்பும்போது கேட்டார்: "அந்தக் கார்பன் பணம் மறுபடி வருமுங்களா?"

பாரிஸ் ஒப்பந்தத்தின் கீழ் புதிய சந்தைக்கு விதி எழுதியாகிவிட்டது, வரலாம் என்றேன். விலையை யார் முடிவு பண்ணுவாங்க என்று கேட்டார். பழைய மாதிரியேதான், வாங்குகிறவர்கள் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. திப்பி காயும் களத்தைக் கூட்டப் போய்விட்டார்.