முட்டையில் தெரியும் மலேரியா

1898ஆம் ஆண்டு, கல்கத்தா. மலேரியாவைப் பரப்புவது கொசுதான் என்பதை ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கும் முனைப்பில் இருந்தார் ராணுவ மருத்துவர் ரொனால்டு ராஸ். ஊரிலோ பிளேக் பீதி. ஊசியோடு வரும் டாக்டரைக் கண்டாலே மக்கள் விலகிப் போனார்கள். சோதனைக்கு நோயாளிகள் கிடைக்கவில்லை. ராஸ் பறவைகள் பக்கம் திரும்பினார். உதவியாளர் முகமது பக்ஸின் துணையோடு சிட்டுக்குருவிகளின் இரத்தத்தைப் பரிசோதித்தார். மனித மலேரியாக் கிருமிக்கு நெருங்கிய உறவான ஓர் ஒட்டுண்ணி அதில் இருந்தது. அந்தக் குருவிகளைக் கடித்த கொசுக்களை அறுத்துப் பார்த்தபோது, வயிற்றுச் சுவரில் வளரும் ஒட்டுண்ணி கடைசியில் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர்வது தெரிந்தது. அதே கொசுக்கள் கடித்ததும் நோயில்லாத குருவிகளுக்கும் நோய் தொற்றியது. 1902இல் ராஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மனிதனைக் காக்கும் வழி அந்தக் குருவிகளால் திறந்தது. ஆனால், குருவிகளுக்கு மலேரியா என்ன செய்கிறது என்ற கேள்வி நெடுங்காலம் பின்னுக்கே தள்ளப்பட்டது. காட்டுப் பறவைகள் இந்த ஒட்டுண்ணிகளோடு ஒத்துப்போய்விட்டன, பெரிய பாதிப்பு ஏதுமில்லை என்ற எண்ணமே 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பரவலாக இருந்தது. அது தவறு என்பதை இன்று உறுதியாகச் சொல்ல முடியும். ஒட்டுண்ணி வாங்கும் விலை பறவையின் நடமாட்டத்தில் தெரியாமல் போகலாம். அதன் கூட்டில் தெரிந்துவிடும்.

கண்ணாடியில் ஒரு துளி

ஆய்வாளர்கள் மெல்லிய வலையில் பறவையைப் பிடித்து, இறக்கையின் அடிப்புறத்தில் ஓடும் சிரையிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுப்பார்கள். அதைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிய படலமாக இழுத்து, காயவைத்து, மெத்தனாலில் நனைத்து, ஜிம்சா என்ற சாயம் ஏற்றுவார்கள். நுண்ணோக்கியில் முதலில் கண்ணில் படுவது சிவப்பணுவின் வடிவம். நம் சிவப்பணுவுக்கு உட்கரு கிடையாது. பறவையின் சிவப்பணு நீள்வட்டமாக இருக்கும். நடுவில் ஊதா நிறத்தில் உட்கரு அமர்ந்திருக்கும். நோயுற்ற அணுவில் அந்த உட்கருவை வளைத்துக்கொண்டு வெளிர்நீலத்தில் இன்னோர் உடல் கிடக்கும். அதற்குள் கரும்பழுப்பு நிறத்தில் சில துகள்கள். ஹீமோகுளோபினைத் தின்று செரித்த ஒட்டுண்ணி விட்டுவைத்த மிச்சம் அவை.

பறவைகளின் இரத்தத்தில் காணப்படும் ஒட்டுண்ணிகளில் மூன்று பேரினங்கள் முக்கியமானவை. பிளாஸ்மோடியத்தைப் பரப்புபவை கொசுக்கள். ஹீமோபுரோட்டியஸைப் பரப்புபவை கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிறு கடிபூச்சிகளும், புறாவின் இறகுக்குள் தட்டையாக ஓடி ஒளியும் ஒருவகை ஈயும். மூன்றாவதான லூக்கோசைட்டோசூன், ஓடும் நீரில் வளரும் கறுப்பு ஈக்களின் வழியாகப் பரவுகிறது. 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு மரபணுப் பரிசோதனை பரவலானது. நுண்ணோக்கிக்குச் சிக்காத அளவு குறைவான தொற்றும் பிடிபட்டது. ஒரே இனம் என்று கருதப்பட்டவற்றுக்குள் பல மரபு வழிகள் இருப்பதும் தெரிந்தது. உலகம் முழுவதும் இதுவரை பதிவான மரபு வழிகள் ஆயிரக்கணக்கில் உள்ளன.

இவ்வளவு இருந்தும் பாதிப்பு ஏன் கண்ணுக்குப் படவில்லை? வலையில் விழுவது பறக்கும் பறவைதான். நோய் முற்றி, புதருக்குள் ஒடுங்கிக் கிடக்கும் பறவை வலைக்கு வராது. செத்துவிட்டால் எறும்பும் கீரியும் மிச்சம் வைக்காது. ஆய்வாளரின் கைக்கு வந்தவை எல்லாம் நோயின் கடுமையான கட்டத்தைக் கடந்து பிழைத்தவை. பிழைத்தவற்றை மட்டும் பார்த்தால் நோய் லேசானதாகவே தோன்றும்.

மருந்து கொடுத்துப் பார்த்தபோது

சந்தேகத்தைத் தீர்க்க நேரான வழி, பாதிப் பறவைகளுக்கு மருந்து கொடுத்து மீதியோடு ஒப்பிடுவது. ஸ்பெயினில் சாந்தியாகோ மெரினோவும் அவருடைய குழுவினரும் நீலப் பட்டாணிக்குருவிகளிடம் இதைச் செய்து 2000இல் முடிவை வெளியிட்டார்கள். மனிதர்களுக்கு மலேரியாவுக்காகக் கொடுக்கும் அதே பிரைமாகுவின்தான் மருந்து. தாய்ப் பறவையின் இரத்தத்தில் ஒட்டுண்ணி குறைந்தது. கூட்டில் குஞ்சுகள் இறப்பதும் குறைந்தது.

2005இல் அல்போன்சோ மார்சலின் குழு, தென்மேற்கு ஸ்பெயினில் வீட்டுச் சுவர்களில் மண்கூடு கட்டும் ஒரு தகைவிலான் இனத்தை எடுத்துக்கொண்டது. மருந்து பெற்ற பறவைகள் மற்றவற்றைவிட சராசரியாக 18 சதவீதம் அதிக முட்டைகள் இட்டன. பொரித்த குஞ்சுகளில் வித்தியாசம் 39 சதவீதமானது. கூட்டைவிட்டுப் பறந்த குஞ்சுகளில் 42 சதவீதம். இட்ட முட்டையில் தொடங்கும் இழப்பு, குஞ்சு சிறகு முளைத்துப் பறக்கும் நாளுக்குள் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு வகைப் பறவைகளும் ஒன்றுபோலவே பறந்துகொண்டிருந்தன.

இந்த உறவு எதிர்த்திசையிலும் வேலை செய்கிறது. 1990களில் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் பெரிய பட்டாணிக்குருவிகளின் கூட்டிலிருந்து முதல் முட்டைகளை எடுத்துவிட்டார்கள். ஈடுகட்டக் கூடுதலாக முட்டையிட்ட தாய்களிடம் மலேரியா அதிகமாகக் காணப்பட்டது. கூடுதல் குஞ்சுகளுக்கு இரை தேட வைக்கப்பட்ட ஆண்களிடமும் தொற்று கூடியது. வீட்டில் இருப்பது ஒரு படி அரிசி. அதில்தான் பிள்ளைகளுக்கும் உலை வைக்க வேண்டும், வாசலில் நிற்கும் காவலாளிக்கும் படியளக்க வேண்டும். பிள்ளைகள் கூடினால் காவலாளிக்குக் குறையும். பறவையின் உடலில் நோய் எதிர்ப்பாற்றலின் நிலையும் அதுதான்.

ஒட்டுண்ணியும் காலம் பார்த்தே வெளிவருகிறது. குளிர்நாடுகளில் பனிக்காலம் முழுவதும் உள்ளுறுப்புகளில் பதுங்கிக் கிடக்கும் தொற்று, வசந்தத்தில் கூடு கட்டும் பருவம் வந்ததும் இரத்தத்தில் மீண்டும் பெருகுகிறது. பறவையின் ஹார்மோன்கள் மாறும் காலமும் அதுவே, கொசு பெருகும் காலமும் அதுவே. 2014இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் இன்னும் நுட்பமான ஒன்றைக் காட்டினார்கள். நாள்பட்ட தொற்றுள்ள கேனரிப் பறவைகளைக் கொசு கடித்தால், அந்தக் கடியே இரத்தத்தில் ஒட்டுண்ணியைப் பெருக வைக்கிறது. அடுத்து வரும் கொசுவுக்கு அது எளிதாகத் தொற்றிவிடுகிறது.

கால் நூற்றாண்டுக் கணக்கு

அறிகுறியே இல்லாத நாள்பட்ட தொற்று எவ்வளவு பறிக்கிறது என்பதை அறிய, ஒரே பறவைகளைப் பிறப்பிலிருந்து இறப்புவரை பின்தொடர வேண்டும். ஸ்வீடனின் குவிஸ்மாரன் ஏரியில் லுண்ட் பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் ஹசல்குவிஸ்ட், ஸ்டாஃபன் பென்ஷ் முதலியோர் 1980களிலிருந்து அதைச் செய்துவந்தார்கள். நாணல் தண்டுகளில் கூடு பின்னும் பெரிய நாணல் கதிர்க்குருவி அவர்களுடைய பறவை. குளிர்காலத்தை ஆப்பிரிக்காவில் கழிக்கும் இந்தக் குருவிக்குப் பெரும்பாலும் அங்கேதான் மலேரியா தொற்றுகிறது. கடுமையான கட்டத்தில் பிழைத்தவை ஸ்வீடனுக்குத் திரும்பி, பாடி, இணைசேர்ந்து, குஞ்சு பொரிக்கின்றன. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை.

முகமது அஸ்கர் முதன்மை ஆசிரியராக 2015இல் சயின்ஸ் இதழில் வெளிவந்த கட்டுரை அந்தத் தோற்றத்தின் உள்ளே நடப்பதைக் காட்டியது. குரோமோசோமின் முனைகளுக்கு டெலோமியர் என்று பெயர். வயது ஏற ஏற அவை தேயும். தொற்றுள்ள குருவிகளில் அவை வேகமாகத் தேய்ந்தன. அந்தக் குருவிகள் சீக்கிரம் இறந்தன. வாழ்நாளில் பெற்ற குஞ்சுகளும் குறைவு. தொற்றுள்ள தாய்க்குப் பிறந்த குஞ்சுகளின் டெலோமியர்களும் குட்டையாக இருந்தன. ஒட்டுண்ணி குஞ்சுக்குக் கடத்தப்படாவிட்டாலும் அதன் சுமை கடத்தப்படுகிறது.

இப்படி நீண்டகாலம் சேர்ந்து வாழ்ந்த பறவைக்கே இந்த நிலை என்றால், கொசுவையே அறியாத பறவைக்கு? ஹவாய்த் தீவுகளுக்குக் கொசு 1826இல் கப்பல் தண்ணீரோடு வந்தது. பின்னர் மலேரியாவும் சேர்ந்துகொண்டது. 50க்கும் மேற்பட்ட தேனுண்ணிப் பறவை இனங்கள் இருந்த தீவுகளில் இன்று எஞ்சியவை சுமார் 17. சிவப்பு இறகுகொண்ட இஈவிப் பறவைகளில் பத்துக்கு ஒன்பது, சோதனையில் ஒரே ஒரு கொசுக்கடியில் இறந்தன. குளிர்ந்த மலை உச்சிகளில் ஒட்டுண்ணி வளர முடியாததால் பறவைகள் அங்கே தாக்குப்பிடித்தன. புவி சூடாகும்போது அந்த அரணும் உயரத்தை நோக்கிச் சுருங்குகிறது. அழிவின் விளிம்பில் இருக்கும் கிவிகியு, ஒரு ஈட்டுக்குப் பெரும்பாலும் ஒரே முட்டை இடும். குஞ்சைப் பல மாதங்கள் கூடவே வைத்து வளர்க்கும். மெதுவாகப் பெருகும் இந்த இனத்தால், வேகமாகக் கொல்லும் நோயின் இழப்பை முட்டையிட்டு ஈடுசெய்ய முடியாது. அதனால் கொசுவைக் குறைக்க, 2023 முதல் மாவித் தீவின் காடுகளில், பெண் கொசுவின் முட்டை பொரிக்காதபடி செய்யும் வோல்பாக்கியா பாக்டீரியா ஏற்றிய ஆண் கொசுக்களை விடுகிறார்கள்.

நாம் எதை எண்ண வேண்டும்

இந்திய ஆய்வாளர்கள் இமயமலைப் பறவைகளிடமும் மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காட்டுப் பறவைகளிடமும் இந்த ஒட்டுண்ணிகளைத் தேடிப் பதிவு செய்திருக்கிறார்கள். சோலைப் பறவைகளும் மலை உச்சியின் குளிரை நம்பி வாழ்பவை. அதற்கு மேல் ஏறிப்போக அவற்றுக்கு இடமில்லை. அந்த உச்சிகளில் இன்று எத்தனை பறவைகள் பறக்கின்றன என்ற எண்ணிக்கை நமக்குப் போதாது. எத்தனை முட்டை இட்டன, எத்தனை குஞ்சுகள் பறந்தன, பெற்றோரின் இரத்தத்தில் என்ன இருந்தது என்ற மூன்றையும் ஆண்டுதோறும் அதே இடத்தில் பதிவு செய்ய வேண்டும். குவிஸ்மாரனில் உண்மை வெளிப்படக் கால் நூற்றாண்டு தேவைப்பட்டது. மூன்றாண்டுத் திட்டத்துக்கு மட்டும் பணம் ஒதுக்கும் வழக்கம் இருக்கும்வரை அப்படிப்பட்ட பதிவேடு நம் மலைகளுக்குக் கிடைக்காது. ஒரு பறவை இனம் கண்ணுக்குத் தெரியும்படி குறைவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதன் கூடுகள் எச்சரிக்கத் தொடங்கிவிடுகின்றன. அதைக் குறித்துவைக்க ஆள் நியமிப்பதும், அவர்களை அங்கே நீடிக்க விடுவதும் இப்போதே தொடங்க வேண்டிய வேலை.